மேல் இறக்கையிலிருந்து கீழ் இறக்கைக்கு

நூல் விரலில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், வைத்த இடத்திலேயே. ஆனால் பார்த்தால்தான் இருக்கிறது. கண்ணைச் சன்னல் பக்கம் திருப்பினால் போய்விடுகிறது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சும்மா இருக்கின்றன, அல்லது தொட்டுக்கொண்டிருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன். கையுறை மேல் கையுறை, அதன் மேல் இன்னொரு கையுறை போட்ட மாதிரி இருக்கிறது என்று மதுரை டாக்டரிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். பல் டாக்டர் வேறு எதைச் சொல்வாள். காலம் பூராவும் கையுறைக்குள் கிடந்த கை, சாயங்காலம் கழற்றினால் மாவு பூசின மாதிரி வெளுத்துச் சுருங்கி வெளியே வரும், கழுவினால் சரியாகிவிடும், இது கழுவினால் போகாதது. மேசைமேல் விமானம் நிற்கிறது. மஞ்சள் நிறம். இறக்கை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அந்தக் காலத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போன இரட்டை இறக்கை விமானம், அதன் பிளாஸ்டிக் மாடல். பார்க்கிறவர்கள் பொம்மை என்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, நடுவில் குச்சி குச்சியாகக் கால்கள், அந்தக் கால்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். நிஜ விமானத்தில் உருக்குக் கம்பி. எனக்குத் தங்கூஸ், மீன் வலைக்குப் போடுகிற நைலான் நரம்பு, அதில் ஆக மெல்லிசு. மேல் இறக்கையின் அடியில் இருக்கும் துளைக்குள் நுனியை விட்டு ஒரு துளி பசை வைக்க வேண்டும். பிறகு கீழ் இறக்கையின் துளை வழியாக இழுத்து, தொங்குகிற முனையில் ஒரு கிளிப்பை மாட்டி விறைக்க விட்டு, இன்னொரு துளி. காய்ந்ததும் மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். துளைகளை நான் போட்டது கீமோ தொடங்குவதற்கு முன்னால். எல்லாம் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் இருக்கின்றன. போட்டவள் கெட்டிக்காரி. அவளை நினைத்தால் பொறாமைகூட வரவில்லை, பக்கத்துத் தெருவில் கொஞ்ச காலம் குடியிருந்துவிட்டுப் போன யாரோ மாதிரி இருக்கிறது.

கதவுக்கு வெளியே இவர் நடக்கிறார். ஜெபராஜ், காலேஜில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர், பேசியே காலம் கழித்த மனுஷர், இந்த ஒரு வாரமாக வீட்டுக்குள் கால் சத்தம் கேட்காமல் நடக்கிறார். அப்படி நடப்பதுதான் எனக்குக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டதும் படுத்தால் நாலு மணி வரை குறட்டை விடுகிறவர், இன்று ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து ஹால். குழாயைத் திறந்து உடனே மூடுகிறார். கதவருகே வந்து நிற்கிறார். "வயலெட், ஃபேன் போடட்டுமா?" "வேண்டாம், நூல் ஆடும்." "வேர்க்குதே ஒனக்கு." "வேர்க்கட்டும்." நின்றுவிட்டுப் போகிறார். வேர்ப்பது நல்லது. பாளையங்கோட்டை வெயிலைத் திட்டாத நாள் கிடையாது எனக்கு, இப்போது வெயில்தான் ஆள். குளிர்தான் ஆகாது. முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்திரத்தைத் தொட்டேன், கரண்ட் அடித்த மாதிரி முழங்கை வரை போனது, பாத்திரம் கீழே, தரையெல்லாம் தயிர். என்ன நடந்தது என்று புரியாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், அது கண்ணாடித் துண்டாகத் தொண்டையில் இறங்கியது. மறுநாளே இவர் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தோட்ட வேலைக்கு வைத்திருந்த துணிக் கையுறையைத் தொங்கவிட்டார், நான் குடிக்கிற தண்ணீரை ஃப்ளாஸ்க்கில் வெதுவெதுப்பாக வைத்தார். அப்போதெல்லாம் வலித்தது. நாலைந்து நாள் வலித்துவிட்டுப் போகும், அடுத்த தடவை மறுபடி வரும். வலித்தபோது அது என் கையாக இருந்தது. அதற்கப்புறம் வலி குறையக் குறைய நல்லதுதானே என்று இருந்தேன், சட்டைப் பொத்தானைத் தடவித் தேடுகிறேன் என்று ஒரு நாள் தெரிந்தது, பொத்தான் விரலுக்கு அடியில்தான் இருந்தது.

முதல் நூல் மேலே ஒட்டிவிட்டது. இழுத்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு இழுப்பது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் இழுக்கும்போது ஒரு இடத்தில் நூல் போதும் என்று சொல்லும். அதற்கு மேல் இழுத்தால் இறக்கை வளையும், அல்லது பசை விட்டுப்போகும். இப்போது நூல் எதுவும் சொல்வதில்லை, நான் இறக்கையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறேன், ஓரம் மயிரிழை அசைந்ததும் நிறுத்துகிறேன். காது கேட்காதவர்கள் உதட்டைப் பார்க்கிற மாதிரி. கிளிப்பை மாட்டினேன். தொங்குகிறது. இனி காய வேண்டும், காயும் வரை வேலை இல்லை, வேலை இல்லாதபோதுதான் நாளை வந்துவிடுகிறது. நாளை திங்கட்கிழமை. காலையில் மதுரைக்குப் போக வேண்டும், மருந்து கலக்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அந்த டாக்டர் என்னைவிடச் சின்னவர், போன வாரம் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் நுனியில் ஏதோ செய்தார். "இப்ப என்ன பண்றேன் மேடம்?" "தெரியல." "இப்ப?" "தொடுறீங்களா?" "கண்ணைத் திறங்க." கையில் ஊசி வைத்திருந்தார். குடலில் இருந்ததை அறுத்து எடுத்தாயிற்று, மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதற்காகத்தான் இந்த மருந்து, இரண்டு மருந்து, அதில் ஒன்றுதான் விரலைக் கெடுக்கிறது. "அந்த ஒண்ண மட்டும் இதோட நிறுத்திக்கலாம், மத்தது ஓடட்டும்" என்றார். "நிறுத்தினா?" "உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். உறுதியா சொல்ல முடியாது. தொடர்ந்தா திரும்பாமலே போகலாம்." "நான் கேட்டது அதில்ல. நிறுத்தினா நோய் திரும்புமா?" பேனாவை மூடினார். "வித்தியாசம் உண்டு மேடம். பெருசா இல்ல, ஆனா உண்டு. வேற யாரா இருந்தாலும் நானே ஒண்ணு சொல்லிருவேன். ஒங்களுக்குக் கைதான் தொழில். நீங்கதான் சொல்லணும்." அவர் சொன்னது சரிதான், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், வேரைச் சுத்தம் பண்ணிப் பல்லைக் காப்பாற்றலாம், எடுத்தும் விடலாம், நீங்கதான் சொல்லணும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் நாற்காலியில் அண்ணாந்து படுத்துக்கொண்டு என் தலைக்கு மேல் இருக்கும் விளக்கைப் பார்ப்பார்கள், நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா என்பார்கள். திரும்பி வரும்போது இவர்தான் கார் ஓட்டினார், சாத்தூர் தாண்டியது. அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒன் இஷ்டம் வயலெட். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து சொல்லாமல் இருக்கிறார். சொல்லாமல் இருப்பதைக் காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை செய்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது நூல். நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் துளைக்குள் சுலபமாகப் போகும். போகவில்லை. பல் ட்வீசரால் பிடித்திருக்கிறேன், எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாததால் ரொம்ப அழுத்துகிறேன், நூல் நசுங்கி வளைகிறது. வெட்டிப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு. கிளினிக்கில் பழசானவை எல்லாம் இந்த மேசைக்கு வந்துவிடும், ட்வீசர், வாய்க்குள் காட்டுகிற குட்டிக் கண்ணாடி, நுனி வளைந்த ப்ரோப். அந்த ப்ரோப்தான். பல்லின் பள்ளத்தில் அதை ஓடவிட்டால் நல்ல பல்லில் கண்ணாடி மேல் ஓடுகிற மாதிரி ஓடும், சொத்தை இருந்தால் ஒரு இடத்தில் லேசாகப் பிடிக்கும், பிடித்து விடும், கண்ணுக்குக் கறுப்பே தெரியாத பல்லில்கூட அந்தப் பிடிப்பு தெரியும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்னால் தெரியும். அது விரலில்தான் தெரியும், ஷமீனாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், சொல்ல வார்த்தை இல்லாமல் அவள் கைமேல் என் கையை வைத்து ஓடவிட்டேன், இங்க பாரு, இங்க, தெரியுதா, ஆமா மேம், தெரியுது. கிளினிக் சமாதானபுரத்தில் இருக்கிறது, நான் படுத்ததிலிருந்து ஷமீனாதான் நடத்துகிறாள், மேலப்பாளையத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள், ஊசி போடும்போது மட்டும் நோயாளியிடம் நிறுத்தாமல் பேசுவாள், அது நல்ல வழக்கம். இன்று ஐந்து மணிக்கு வருகிறாள். போனில் "ஒரு விஷயம் நேர்ல கேக்கணும் மேம்" என்றாள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். மரத்துப் போச்சா? ஊசி போட்டுவிட்டு ஆயுசு பூராவும் நான் நோயாளிகளிடம் கேட்ட கேள்வி அதுதான். உதடு தடிச்ச மாதிரி இருக்கா, நாக்கு சுருசுருங்குதா, மரத்துப் போச்சா, அப்ப ஆரம்பிக்கலாம். அவர்கள் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பார்கள், வேறு யாருடைய கன்னமோ மாதிரி. மரத்தது தெளிகிற வரைக்கும் சாப்பிடாதீங்க, சூடா குடிக்காதீங்க, சின்னப் பிள்ளையா இருந்தா பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்க, உதட்டைக் கடிச்சிரும் என்பேன். ஒரு அம்மா கேட்கவில்லை, பெண்பிள்ளை, நாலு வயது இருக்கும், மறுநாள் உதடு கிழிந்து வீங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மிட்டாய் மாதிரி மென்றிருக்கிறது, சிரித்துக்கொண்டே மென்றதாம், வலித்தால்தானே. அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் இல்லை. உதடு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே போய்விட்டது. இரண்டாவது நூல் துளைக்குள் போய்விட்டது, எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை, உதட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். பசை. காயட்டும். இந்த மேசையும் இந்த வேலையும் வந்தது ஒரு மழையால். பெங்களூரில் பல் டாக்டர்கள் மாநாடு, மத்தியானம் வெளியே வந்தால் கொட்டுகிறது, எதிரே இருந்த கடையில் ஒதுங்கினேன், பிள்ளைகளுக்கான கடை, ஒரு பெட்டிமேல் இரண்டு இறக்கை விமானம் படம் போட்டிருந்தது. யாருக்கு மேடம், பையனுக்கா என்றான் கடைக்காரன். எனக்கு என்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதைக் கடைக்காரனிடம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது இவர் "இது எதுக்கு வயலெட்?" என்றார், "சும்மா" என்றேன், அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, அடுத்த மாதம் அவரே ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து செய்தவை எல்லாம் டி.வி.க்கு மேல் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன, வருகிறவர்கள் ஏர்ஃபோர்ஸில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். யாரும் இல்லை, எனக்கு விமானத்தில் ஏறினால் காது அடைக்கும். ஒற்றை இறக்கை மாடல்களில் எனக்கு ருசி இல்லை, ஒட்டினால் முடிந்தது. இதில் ஒட்டின பிறகும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், கால்கள் பெட்டிக்குள் குச்சியைச் செருகின மாதிரி நிற்கும், கம்பி போட்டதும்தான் இரண்டு இறக்கையும் சேர்ந்து ஒன்றாகும். ஒரு வரிசைக் கம்பி தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் பிடிக்கிறது, எதிர்ச்சாய்வில் இருக்கிற இன்னொரு வரிசை பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிக்கிறது. ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா இருக்கும். மாடலுக்கு இரண்டும் தேவையே இல்லை, பிளாஸ்டிக் அதுவாக நிற்கும். இவர் ஒரு தடவை அதைக் கேட்டார், பொருளாதாரக்காரர், தேவையில்லாததை எதுக்குப் போடுத என்றார். கண்ணுக்கு வேணும்ல என்றேன். கண்ணுக்கு வேணும். இப்போது கண் மட்டும்தான் இருக்கிறது.

அழ வேண்டும் என்று ஞானம் சொன்னாள். ஞானம் இவருடைய தங்கை, புதன்கிழமை ஜெபக் கூட்டத்துப் பெண்களோடு வந்தாள், ஐந்தாறு பேர், என்னைச் சுற்றி உட்கார்ந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார்கள், அவர்கள் எல்லோரும் அழுதார்கள், நான் தரையில் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சன்னலோரத்தில் ஒரு பிஸ்கட் தூளைத் தூக்கிக்கொண்டு போனது. முடிந்ததும் ஞானம் அடுக்களைக்கு வந்து என் தோளைப் பிடித்தாள். "மைனி, அழுதுருங்க. ஒரு தடவை அழுதுட்டீங்கன்னா லேசாயிரும். உள்ள வச்சுக்கிட்டே இருக்கக் கூடாது." "உள்ள ஒண்ணும் இல்ல ஞானம்" என்றேன். அவள் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். உள்ளே தேடிப் பார்த்தேன், பொத்தானைத் தேடுகிற மாதிரி. சாவதற்குப் பயமா என்று கேட்டுப் பார்த்தேன், அடுத்த வீட்டுக்காரியைக் கேட்கிற மாதிரி இருந்தது. கிளினிக் போனால் வருத்தமா என்று கேட்டேன், காலையில் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் காதில் கேட்டது, அவ்வளவுதான், வருத்தமாக ஒன்றும் வரவில்லை. ஒன்றுதான் பயம். இந்த மருந்து விரலோடு நிற்காமல் உள்ளேயும் போய்விட்டதோ என்று. கேட்டால் சிரிப்பார் அந்த டாக்டர், அப்படி எல்லாம் இல்லை மேடம், அது வேற நரம்பு என்பார். இவர் அடுக்களையில் டம்ளரை வைக்கிறார், வைத்துவிட்டு மறுபடி எடுத்து வேறு இடத்தில் வைக்கிறார். இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம், நீங்க என்ன நினைக்கீங்க என்று கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் நான் அதைச் செய்துவிடுவேன், பிறகு ஆயுசுக்கும் அவர் சொல்லிச் செய்ததாக இருக்கும். அதனால்தான் அவரும் சொல்லவில்லை. புரிகிறது. எல்லாம் நன்றாகப் புரிகிறது, பாடப் புத்தகம் மாதிரி.

வலது பக்கம் முடிந்து இடது பக்கம் தொடங்கிவிட்டேன். சில நூல்கள் சரியாக விறைத்திருக்கின்றன, ஒன்று தொய்ந்துவிட்டது, தொய்ந்ததற்குப் பக்கத்தில் ஊதுபத்தியின் நெருப்பைக் கொண்டுபோனால் நைலான் சூட்டில் சுருங்கி விறைத்துக்கொள்ளும், தொட்டுவிட்டால் அறுந்துவிடும். ஜெபம் பண்ணுகிற வேதக்கார வீட்டில் ஊதுபத்தி எதற்கு என்று இவருக்குக் கொஞ்சம் கூச்சம், கடையில் கேட்கும்போது குரலைத் தாழ்த்துவார். கிட்டே கொண்டுபோகிறேன். நூல் மெதுவாக, யாரோ அந்தப் பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி, நேராகிறது. நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்ததில் மிச்ச நூலைப் பிளேடால் வெட்டுகிறேன், ஒரு தடவையில் அறவில்லை, இன்னொரு தடவை, அறுந்தது. மஞ்சள் இறக்கையின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று. பெயின்ட் என்று நினைத்தேன். என்னிடம் சிவப்புப் பெயின்ட் திறந்திருக்கவில்லையே என்று மேசையைப் பார்த்தேன், மூடியெல்லாம் சரியாக இருக்கின்றன. சிவப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது, நூல் வழியாக ஒரு மணி இறங்கி நடுவில் நிற்கிறது. இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். நடுவிரலின் நுனியில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு, ஆழம்தான், ரத்தம் அவசரமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. வலி வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. அது அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்க, நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். இவர் கதவைத் திறக்கிறார். "வாம்மா. உள்ளதான் இருக்கா. வேலைல இருக்கா." ஷமீனா உள்ளே வந்து "மேம்" என்றாள், அப்புறம் மேசையைப் பார்த்தாள், அப்புறம் என் விரலை. கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து மேலே தூக்கி, மேசையிலிருந்த பஞ்சை எடுத்து அழுத்தினாள். ஒன்றும் கேட்காமல் செய்தாள், செய்து முடித்துத்தான் கேட்டாள். "வலிக்குதா மேம்?" "இல்ல." "எப்ப வெட்டுனீங்க?" "இப்பதான். பாத்துத்தான் தெரிஞ்சது." அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் விரலை எவ்வளவு அழுத்துகிறது என்று அவளுடைய நகம் வெளுத்திருப்பதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

இவர் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார். ஷமீனா கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள், ஊசி போடும்போது பேசுகிற மாதிரி. நேத்து அந்தக் கண்டக்டர் தாத்தா வந்தாரு மேம், கடவாய்ப் பல்லு ஆடுது, எடுத்துரலாம்னேன், டாக்டரம்மா வரட்டும் அவங்க கையால எடுத்துக்கிடுதேன்னு போயிட்டாரு, ஆடுற பல்ல வச்சுக்கிட்டு வெத்தலை போடுதாரு. நான் சிரித்தேன், முகம் சிரித்தது. பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டின விரலைப் பிடித்தபடியே இருந்தாள். "மேம், மதுரைல ஒரு பெரிய கிளினிக்ல கூப்பிடுறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும்." "ம்." "நீங்க திரும்ப வருவீங்கன்னா நான் போகல. எவ்வளவு மாசம் ஆனாலும் பாத்துக்கிறேன். உங்ககூடத்தான் வேலை பாக்கணும். ஆனா…" "கேளு." "வருவீங்களா மேம்? எனக்காக இல்ல. எனக்குத் தெரியணும்." எல்லோரும் என்னைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள், இந்தப் பெண்தான் வந்து நேராகக் கேட்கிறாள். "வர மாட்டேன் ஷமீனா" என்றேன். குரல் சாதாரணமாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது என்று போனில் சொல்கிற குரல். "நீ மதுரைக்குப் போறதுன்னா போ, நல்ல இடம்தான். போகலைன்னா கிளினிக்க நீயே எடுத்துக்கோ. போர்டுல ஒம் பேரப் போடு. அந்தத் தாத்தா பல்ல நீயே எடு, அவருக்கு வேற வழி இல்லன்னு சொல்லு." "மேம், கை சரியாயிரும்னு சொன்னாங்கல்ல டாக்டர்? மருந்த நிறுத்தினா?" "ஆகலாம்னு சொன்னாரு. நிறுத்தச் சொல்லப் போறதில்ல." சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. ஒரு வாரமாக உட்கார்ந்து யோசித்து வராதது, வாக்கியம் போகிற போக்கில் அங்கே போய் நின்றுவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஷமீனா முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள். கதவருகே இவர் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியாது. தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சன்னமாகச் சத்தம் கேட்டது. அவர் வந்து தட்டை விமானத்துக்கு அந்தப் பக்கம், நூல் படாமல், வைத்தார். "சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன்மா" என்று ஷமீனாவிடம் சொன்னார்.

அவள் போய்விட்டாள். மதுரைக்காரர்களிடம் இன்னும் இரண்டு நாள் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே "ப்ரோப்ல அந்தப் பிடிப்பு எனக்கு இப்பல்லாம் நல்லாத் தெரியுது மேம்" என்றாள், எதற்காகச் சொன்னாளோ, சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சன்னலில் வெயில் இறங்கிவிட்டது. மிச்சம் இருப்பது இடது பக்கத்தில் கொஞ்சமும் வால் பக்கமும்தான், இறக்கையில் ரத்தம் காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஈரப் பஞ்சால் துடைத்தால் போகும். என்னால் அதைத் துடைக்க எழுந்துகொள்ள முடியவில்லை. களைப்பு இல்லை, கால் எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இவர் ஷமீனா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காபி அவர் டம்ளரில் ஆடை கட்டியிருக்கிறது. "நெசமாத்தான் சொன்னியா?" "ம்." "நான் ஒண்ணும் சொல்லலைல்லா." "சொல்லல." "சொல்லிரக் கூடாதுன்னுதான் நடந்துக்கிட்டே இருந்தேன்." "கேட்டுச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வையா என்று தெரியவில்லை, ஃபேன் போடாத அறை. "ஒங் கைய நெனச்சா எனக்கு…" என்று தொடங்கி விட்டுவிட்டார், காலேஜில் ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடாதவர். "நீ எனக்காகச் சொன்னியா வயலெட்?" யோசித்துப் பார்த்தேன். "தெரியல" என்றேன், அது உண்மை. அவர் தலையை ஆட்டினார். அப்புறம் கையை நீட்டி, மேசைமேல் கிடந்த என் வலது கையின் விரல்களை எடுத்துப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாகத்தான் பிடித்திருக்கிறார், அவருடைய விரல் கணுக்கள் வெளியே தெரிகின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ யாருடைய கையையோ பிடித்திருப்பதைப் பார்க்கிற மாதிரி. ஒரு வாரமாக அவர் இதைக்கூடச் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. "கொஞ்சம் மேல பிடிங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "விரல்ல தெரியல. மேல பிடிங்க." அவர் பிடியை விடாமலே நகர்த்தினார், உள்ளங்கைக்கு. "இங்கயா?" "இல்ல. இன்னும்." மணிக்கட்டுக்கு வந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், இன்னும் கொஞ்சம் ஏறினார், மெதுவாக, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர் மாதிரி, மணிக்கட்டைத் தாண்டி வாட்ச் வாருக்கும் மேலே. அங்கே வந்தது. முதலில் சூடு, அப்புறம் வேர்வையின் ஈரம், அப்புறம் அவர் கை நடுங்குகிறது என்பது. இவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. "இங்க?" என்றார். "ஆமா" என்றேன். "அங்ஙனயே இருக்கட்டும்."